வீட்டுக்குப் போன பிறகு

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் 30 நாளுக்குள் எதிர்பாராத விதமாக மறுபடி வந்து அட்மிட் ஆனால், அதை ரீஅட்மிஷன் என்று பதிவு செய்வது என் வேலை. மாதக் கடைசியில், டிஸ்சார்ஜ் ஆனவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அப்படித் திரும்பி வந்தார்கள் என்று கணக்குப் போட்டு, தரக் குழுக் கூட்டத்தில் வைக்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட எளிய கணக்கு கிடையாது. கேளம்பாக்கத்தை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து தரப் பிரிவுக்கு வந்தவள் நான். பல வருடமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் ரீஅட்மிஷன் பூஜ்யம் என்று வந்தால் கூட்டத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அந்த மாதம்தான் தூக்கம் வராது.

ஏன் என்று புரிய எங்கள் பகுதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேளம்பாக்கம் ஒரு கூட்டுரோடு. வண்டலூரிலிருந்து வரும் சாலை இங்கேதான் பழைய மகாபலிபுரம் சாலையைத் தொடுகிறது. கிழக்கே திரும்பினால் உப்பளத்தையும் கழிமுகத்தையும் தாண்டிக் கோவளம். வடக்கே சிறுசேரி, படூர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும், அவற்றைக் கட்ட பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களும். தெற்கே தையூர், திருப்போரூர், நெம்மேலி. இவர்கள் எல்லோரும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பார்கள். அதே டாக்டர், அதே ஆபரேஷன், கையில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே மாதிரிதான். வாசலைத் தாண்டியதும் வழி பிரிந்துவிடும். வயிறு லேசாக வலித்தால் அடுக்குமாடிக்காரர் அன்று ராத்திரியே காரை எடுத்துக்கொண்டு கேஷுவாலிட்டிக்கு வந்துவிடுவார். குப்பத்துக்காரர் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாள் மாத்திரை வாங்கிப் பார்ப்பார். பிரசவித்த பெண் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். கட்டட வேலைக்காரர் சென்ட்ரலில் ரயில் ஏறியிருப்பார். நான்கு பேருக்கும் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தாலும் என் பதிவேட்டில் ஏறுவது முதல் ஆள் மட்டும்தான். உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டால், நல்ல வீடும் வண்டியும் காப்பீடும் உள்ளவருக்குத்தான் ஆபரேஷன் சரிப்படவில்லை என்று அது சொல்லும்.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே பகையைச் சம்பாதித்த ஒரு டாக்டர் இருந்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை சிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, ஒரு வருடம் கழித்து அவர் நிலைமை என்ன, நன்றாக இல்லையென்றால் காரணம் என்ன என்று எழுத வேண்டும் என்றார். பெரிய மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. 1911 இல் தானே ஒரு சிறிய மருத்துவமனை தொடங்கி, 1916 வரை டிஸ்சார்ஜ் ஆன 337 பேரின் முடிவையும் அதில் கண்ட 123 தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். இன்றைக்கு உலகம் முழுக்க மருத்துவமனைத் தரம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அந்த அட்டையில் எனக்குப் பிடித்தது, நோயாளி திரும்பி வரட்டும் என்று அது காத்திருக்காது. மருத்துவமனைதான் அவரைத் தேடிப் போக வேண்டும்.

நம் நாட்டில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச். 2005 இல் தொடங்கியது. மாதாமாதம் பார்க்க வேண்டிய தரக் குறியீடுகள் என்று ஒரு பட்டியலே அதனிடம் உண்டு. ஐ.சி.யு.விலிருந்து வார்டுக்கு மாறியவர் 48 மணி நேரத்துக்குள் திரும்பினாரா, கேஷுவாலிட்டிக்கு வந்து போனவர் அதே தொந்தரவோடு 72 மணி நேரத்துக்குள் மறுபடி வந்தாரா, திட்டமில்லாமல் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததா, தையல் இடத்தில் தொற்று எத்தனை பேருக்கு என்பவை அதில் சில. இவற்றில் பெரும்பாலானவை மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே முடிகிற கணக்கு. 30 நாள் கணக்கு சுவரைத் தாண்டுகிறது. அதனால்தான் அது கஷ்டம், அதனால்தான் அதற்கு மதிப்பும்.

முதல் கேள்வி, 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணினால், மூன்று வாரம் வார்டில் கிடந்து போனவருக்கு வீட்டு நாள் பத்துகூட மிஞ்சாது. டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து எண்ணுவதுதான் சரி. தையல் இடத் தொற்றுக்கு வழக்கம் வேறு. அதை ஆபரேஷன் நாளிலிருந்து 30 நாள், செயற்கை மூட்டு மாதிரி உள்ளே ஏதாவது வைத்திருந்தால் 90 நாள் வரை பார்ப்பார்கள். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்தது, வரச் சொல்லி வருகிறவர்கள். சிறுநீரகக் கல்லை எடுத்தவருக்கு உள்ளே வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற குழாயைச் சில வாரத்தில் எடுக்க வேண்டும். சர்க்கரைக் காலைச் சுத்தம் செய்து அனுப்பியவர் தோல் வைக்க வருவார். குடலை வயிற்றில் திறந்து வைத்தவர் அதை மூட வருவார். புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர் கீமோவுக்கு வருவார். இவர்களை விலக்காவிட்டால் யூராலஜி வார்டுதான் ஊரிலேயே மோசமான வார்டு என்று ஆகிவிடும். ஆனால் எது திட்டமிட்டது என்று யார் சொல்வது? “அவரை நான்தான் வரச் சொன்னேன்” என்று பிறகு சொல்வது யாருக்கும் சுலபம். எங்களிடம் ஒரே விதி: முதல் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தால் அது திட்டமிட்ட வருகை. எழுதவில்லையா, என் பதிவேட்டில் ஏறும். இந்த விதி வந்த பிறகு டிஸ்சார்ஜ் சம்மரிகளே ஒழுங்காகிவிட்டன. அடுத்து எப்போது, எதற்கு வர வேண்டும் என்று தெளிவாக எழுத ஆரம்பித்தார்கள். நோயாளிக்கு அதனால் கிடைத்த பயன் என் கணக்கால் கிடைத்த பயனைவிடப் பெரிது.

பிறகு ஆளை அடையாளம் காண்பது. ராத்திரி பதட்டத்தில் வரும்போது பதிவு கவுன்டரில் “செல்வி, வயசு நாப்பது இருக்கும்” என்று சொல்லிவிடுவார்கள். முதல் தடவை காப்பீட்டு அட்டையைப் பார்த்து, குடும்பத் தலைவர் பெயரையும் சேர்த்து ஏற்றியிருப்பார்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு நம்பர் விழுந்துவிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டு பெண்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், அப்பா பெயராக விரியும், கல்யாணத்துக்குப் பிறகு மாறும். ஒடிசாக்காரர் வாயால் சொன்ன பெயரை நம் பிள்ளை காதில் விழுந்தபடி டைப் செய்திருப்பார். மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் இருப்பவர்களும் நானும் சேர்ந்து வயது, ஊர், போன் நம்பர், ஆபரேஷன் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இரண்டு பெயரை ஒன்றாக்குவோம். மெனக்கெடவில்லையென்றால் ரீஅட்மிஷன் தானாகவே குறைந்துவிடும்.

அட்மிஷன் ரிஜிஸ்தர் மட்டும் போதாது என்று நான் கண்டது டிரெஸ்ஸிங் ரூமில். காலை ஒன்பது மணிக்கே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இருக்கும் மூத்த உதவியாளர் ஒரு நீள நோட்டு வைத்திருப்பார். கட்டைப் பிரித்ததும் பழைய பஞ்சுத் துணியை உடனே வாளியில் போடமாட்டார். திருப்பி, கறையைப் பார்ப்பார். வெறும் தண்ணீர் மாதிரியா, ரத்தம் கலந்ததா, கெட்டியாக மஞ்சளா, வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகே காயத்தைச் சுற்றி விரல் வைத்து அழுத்துவார். பிறகு நோட்டில் ஒரு வரி: ‘கசிவு’, ‘சீழ்’, ‘தையல் விட்டிருக்கு’. படுக்கையில் சேராமல் தினம் வந்து கட்டு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அந்த நோட்டில்தான் இருக்கிறார்கள். கேஷுவாலிட்டியில் ராத்திரி முழுக்க டிரிப்ஸ் ஏற்றி, விடிந்ததும் அட்மிஷன் போடாமலே அனுப்பப்படுகிறவர்களும் அப்படித்தான். அட்மிஷன், கேஷுவாலிட்டி, டிரெஸ்ஸிங் என்று மூன்று பதிவேட்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் உள்ளபடி என்ன நடக்கிறது என்று தெரியும்.

2012 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 346 மருத்துவமனைகளில் நடந்த ஆபரேஷன்களை வைத்து 2015 இல் ஒரு ஆய்வு வந்தது. எதிர்பாராத ரீஅட்மிஷன் நூற்றுக்கு 5.7. காரணங்களில் முதலிடம் தையல் இடத் தொற்றுக்கு. திரும்பி வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் கிட்டத்தட்ட அதற்காகவே வந்தவர். அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. மருத்துவமனையில் இருக்கும்போதே தலைகாட்டிய பிரச்சினைக்காகத் திரும்பி வந்தவர்கள் நூற்றுக்கு 2.3 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக்குப் போன பிறகு புதிதாக வந்தது. டிஸ்சார்ஜ் செய்யும் காலையில் காயம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், நாம் சரியாகத்தான் பார்த்திருப்போம். பிரச்சினை ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ எட்டிப் பார்க்கும். அப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

வசதி குறைந்த நாடுகளில் தொற்று இன்னும் அதிகம். வயிற்று ஆபரேஷன்களை மட்டும் எடுத்து 66 நாடுகளில் செய்த ஆய்வு 2018 இல் வெளியானது. வளர்ந்த நாடுகளில் நூற்றுக்கு 9.4 பேருக்குத் தொற்று, நடுத்தர நாடுகளில் 14, பின்தங்கிய நாடுகளில் 23.2. குறைக்க வழியில்லாமல் இல்லை. இந்தியாவும் சேர்ந்து ஏழு நாடுகளில் நடந்த ஒரு பரிசோதனை, வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் புதிதாக மாற்றினால் போதும், 18.9 சதவீதத் தொற்று 16 ஆகக் குறைகிறது என்று 2022 இல் காட்டியது. ஒரு ஜோடி கையுறை, ஒரு தட்டு கருவி. இதை எந்த ஊரிலும் செய்யலாம்.

கையுறையால் தீராத காரணங்களும் உண்டு. கோவளம் பக்கத்து மீனவர் ஒருவருக்குக் குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்து அனுப்பினோம். ஏப்ரல் கடைசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஃபைபர் படகுக்காரர்களுக்கு அந்த 61 நாளும்தான் நாலு காசு பார்க்கிற காலம். பெரிய படகு போகாததால் மீனுக்கு நல்ல விலை. அவர் இரண்டாவது வாரமே கடலுக்குப் போய்விட்டார். வீங்கி, சிவந்து, நீர் கோத்துக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தார். சம்மரியில் ‘மூன்று மாதம் கனமான பொருள் தூக்கக் கூடாது’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. சிஸ்டரும் தமிழில் சொல்லியிருந்தார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“ஏண்ணா, வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்புனாங்க?”

“மூட்டை எதுவும் தூக்கலம்மா. வலைதான் இழுத்தேன்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் வாழ்க்கையில் வெயிட் என்றால் ஐஸ் பெட்டி, மீன் கூடை. வலை இழுப்பது வேலை, வெயிட் கிடையாது. காரணம் என்ற கட்டத்தில் ‘நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை’ என்று எழுதி முடித்திருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் முடிப்பார்கள். நான் அந்த வாக்கியத்தை எங்கள் பதிவேட்டில் அனுமதிப்பதில்லை. அதை எழுதினால் அடுத்த நோயாளிக்காக மாற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அதற்குப் பிறகு டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்கிறோம். கூலி என்றால் என்ன கூலி என்று கேட்க வேண்டும். வேலைக்குத் தகுந்த மாதிரி தமிழில் ஒரு தாள். கடலுக்குப் போகிறவருக்கு: வலை இழுக்காதீர்கள், படகைத் தள்ளாதீர்கள், இயந்திரத்தைக் கழற்றித் தோளில் வைக்காதீர்கள். உப்பளத்துக்குப் போகிறவருக்கு: தையல் ஆறும் வரை பாத்தியில் இறங்காதீர்கள். சித்தாளுக்கு: கலவைச் சட்டி தலையில் ஏற்ற வேண்டாம். வீட்டுப் பெண்களுக்குத்தான் தாள் நீளம். குடம், துணி ஊற வைத்த பக்கெட், மாவு கிரைண்டர், இடுப்பில் குழந்தை. எங்கள் பக்கம் குடிக்கக் கேன் தண்ணீர்தான் என்பதால் 20 லிட்டர் கேனைக் கவிழ்ப்பதையும் சேர்த்தோம். அதை யாரும் பாரம் தூக்கும் வேலையாக நினைப்பதில்லை. தாளை வாசித்துக் காட்டுவது நோயாளிக்கு மட்டுமில்லை. வீட்டில் அந்த வேலையை யார் எடுத்துச் செய்யப் போகிறார்களோ, அவரையும் நிற்க வைத்துத்தான்.

போன் போடுவது தனிக் கலை. மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று வைத்திருக்கிறோம். “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் தமிழ்நாட்டில் வரும் பதில் ஒன்றே ஒன்றுதான். சிசேரியன் ஆன ஒரு பெண்ணுக்குப் போட்ட போனை மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் அவள் அம்மா எடுத்தார்.

“நல்லா இருக்கா சிஸ்டர். கொழந்தையும் பால் குடிக்குது.”

“தையல் போட்ட இடம் எப்படி இருக்கும்மா?”

“அது லேசா ஈரமா இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

“துணில படுதா?”

“ரெண்டு வேளை துணி மாத்துறோம்.”

“அங்க எதுனா ஆஸ்பத்திரில காட்டுனீங்களா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மூணு நாள் படுக்க வச்சிருந்தோம் சிஸ்டர். ஊசி போட்டாங்க. உங்ககிட்ட சொன்னா கோச்சுக்குவீங்களோன்னுதான்…”

ஆபரேஷன் செய்த இடத்தை விட்டு வேறு இடத்தில் காட்டியது எங்களுக்கு மரியாதைக் குறைவு என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். இந்தக் கூச்சம் எங்கும் இருக்கிறது. அதனால் போன் போடும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுப்பது: முதலிலேயே “அவசரத்துக்குப் பக்கத்துல காட்டுனது நல்லதுதாம்மா” என்று சொல்லிவிட்டு, பிறகு கேளுங்கள். நலம் விசாரிக்காதீர்கள். துணி மாற்றுகிறார்களா, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டார்களா, ராத்திரி தூங்கினாரா, வயிறு போனதா என்று கேளுங்கள். ‘லேசா’ என்ற வார்த்தை வந்தால் போனை வைக்காதீர்கள். அந்தப் பெண்ணை மறுநாள் வரவழைத்துக் காயத்தைப் பார்த்தோம். முறைப்படி அவள் எங்கள் ரீஅட்மிஷன் ஆகமாட்டாள், வேறு இடத்தில்தான் படுத்தாள். எங்கள் பதிவேட்டில் ஏற்றினேன்.

கட்டட வேலைக்காரர்கள் விஷயம் மனதைப் பிசையும். பதிவில் இருப்பது மேஸ்திரி நம்பராக இருக்கும். “அவன் ஊருக்குப் போயிட்டான்” என்பதோடு முடிந்துவிடும். கையில் கட்டுடன் இரண்டு ராத்திரி ரயிலில் போகிறவரின் காயம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அட்மிஷனிலேயே ஊரில் இருக்கும் மனைவி அல்லது அண்ணன் நம்பரை வாங்குகிறோம். இந்தி தெரிந்த ஊழியர் பேசுகிறார். ஆபரேஷன் விவரத்தையும் ஸ்கேன் படத்தையும் அவர் போனிலேயே வாட்ஸ்அப்பில் ஏற்றிவிடுகிறோம், அங்கே பார்க்கிற டாக்டருக்காவது என்ன செய்தோம் என்று தெரியட்டும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு ஆபரேஷன் நடந்த அதே மருத்துவமனைக்குத் திரும்பியவர்களில், வேறிடம் போனவர்களைவிட 90 நாளுக்குள் இறப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது என்று ‘லான்செட்’ 2015 இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. காயத்தின் கதை தெரிந்தவர் கையில் இருப்பது அவ்வளவு முக்கியம். ஒடிசாவிலிருந்து திரும்பி வா என்று சொல்ல முடியாது, கதையையாவது கூட அனுப்பலாம்.

போனுக்கும் கிடைக்காதவர்களை என்ன செய்வது? வழக்கமான கணக்கில் அவர்கள் ‘திரும்பி வரவில்லை’, அதாவது நலம். நான் ‘தெரியவில்லை’ என்று தனிக் கட்டம் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் 200 பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள், நான்கு பேர் திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 சதவீதம், கைதட்டலாம். போன் போட்டதில் 140 பேர்தான் கிடைத்தார்கள், அதில் இன்னும் ஐந்து பேர் வேறு ஆஸ்பத்திரியில் படுத்து வந்திருக்கிறார்கள். இப்போது 140 க்கு ஒன்பது, 6.4 சதவீதம். கிடைக்காத 60 பேர் பாக்கி. கூட்டத்தில் நான் மூன்று எண்ணையும் சேர்த்தே வைப்பேன். போன் போட ஆரம்பித்த புதிதில் சதவீதம் ஏறியதும் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. கண்ணாடியைத் துடைத்ததால் முகத்தில் இருந்த கறை தெரிகிறது என்றேன். கறையைத் துடைக்க வேண்டியது அடுத்த வேலை.

டாக்டர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் பிடிக்காதுதான். அவர்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் குடல் ஓட்டை விழுந்து, சர்க்கரை 400 உடன் வருபவரை ஒரு டாக்டர் எடுத்துச் செய்கிறார். இன்னொருவர் பகலில் வரச் சொல்லி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, பித்தப்பைக் கல் எடுக்கிறார். இரண்டு பேரின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்தால் கஷ்டமான நோயாளியைத் தொட்டவருக்குத்தான் தண்டனை. எண்ணிக்கையும் சிறிது. மாதம் இருபது ஆபரேஷனில் ஒருவர் திரும்பினால் 5, இருவர் திரும்பினால் 10. அதில் ஒன்றுமே நிரூபணம் ஆகாது. அதனால் டாக்டர் பெயரை வைத்துச் சதவீதம் போடுவதில்லை. அவசரமா திட்டமிட்டதா, எந்த ஆபரேஷன், சர்க்கரை உண்டா என்று பிரித்து, பல மாதம் சேர்த்துப் பார்க்கிறோம். அவரவருக்கு அவரவர் நோயாளிகளின் பட்டியல் மட்டும் போகும்: யார் திரும்பினார், எதற்கு, எத்தனையாவது நாள். இதற்கு நல்ல பலன் இருக்கிறது. எந்த டாக்டருக்கும் தன் நோயாளி என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள ஆசைதான், யாரும் சொல்வதில்லை, அவ்வளவே.

கூடவே, எத்தனை நாள் வார்டில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டில் காலியாக வேண்டும் என்று ஒரு நாள் முன்னதாக அனுப்பினால் ரீஅட்மிஷன் ஏறும். ரீஅட்மிஷனைக் குறைக்கிறேன் என்று தேவையில்லாமல் வைத்திருந்தால் கூலி வேலைக்காரரின் சம்பளம் போகும், கூட இருக்கிற மனைவியின் சம்பளமும் போகும்.

இந்த எண்ணோடு பணத்தை முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்புகிறார் என்று 2009 இல் ஒரு ஆய்வு சொன்னது. 2010 இல் சட்டம் வந்தது. 2012 அக்டோபரிலிருந்து ரீஅட்மிஷன் அதிகமான மருத்துவமனைகளுக்குப் பணத்தைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியாவில் தொடங்கி, பிறகு இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று, பைபாஸ் ஆபரேஷன்களும் சேர்ந்தன. பிடித்தம் அதிகபட்சம் 3 சதவீதம் வரை. ரீஅட்மிஷன் குறைந்தது. அதே காலத்தில் இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய இறப்பு கூடியிருக்கிறது என்று 2018 இல் ஒரு ஆய்வு வந்தது. இன்றுவரை அதைப் பற்றி அங்கே வாதம் ஓயவில்லை. வாதம் எப்படி முடிந்தாலும் எனக்கு ஒன்று உறுதி: திரும்பி வந்து வாசலில் நிற்கிற நோயாளியைப் பார்த்ததும் நம் சதவீதம் போயிற்றே என்று யாருக்கும் தோன்றக் கூடாது. அப்படித் தோன்றும் நாளில் இந்தக் கணக்கை நிறுத்திவிடலாம்.

அமெரிக்காவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. பணம் கட்டுகிறவர் ஒருவரே என்பதால், நோயாளி எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தாலும் அவர்களுக்குத் தெரிகிறது. நான் போன் போட்டுப் போட்டுக் கண்டுபிடிப்பது அவர்கள் மேசையில் தானாக வருகிறது. நம் மாநிலத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. 2009 இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது. அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் அதில் உண்டு. ஒவ்வொரு அட்மிஷனுக்கும் அட்டை எண்ணோடு முன் அனுமதி கேட்டாக வேண்டும். கேளம்பாக்கத்தில் ஆபரேஷன் ஆனவர் இரண்டு வாரம் கழித்துச் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ அதே திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு பதிவும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது மட்டுமே பாக்கி.

தேடிப் போய்ப் பார்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் இல்லை. பிரசவ மரணம் வீட்டில் நடந்தாலும், வழியில் ஆம்புலன்ஸில் நடந்தாலும், தனியார் மருத்துவமனையில் நடந்தாலும், ஒவ்வொன்றையும் எடுத்துக் காரணம் விசாரிக்கும் வழக்கம் 1990களிலேயே இங்கே வந்துவிட்டது. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் அரசுப் பதிவில் தரும் பிக்மி நம்பர் உண்டு. அவள் தாய்வீடு போனாலும் நம்பர் கூடவே போகும், அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் வந்து பார்ப்பார். 2018–20 கணக்கில் தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் 54. இதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொரு சாவையும் கேள்வி கேட்டதும் அதில் ஒன்று. பிள்ளை பெற்றவளுக்கு இருக்கும் அந்த வசதி, குடலிறக்கத்துக்குத் தைத்துக்கொண்ட அவள் புருஷனுக்கு இல்லை. பிக்மி மாதிரி கூடவே போகிற நம்பர் அவனுக்கும் வேண்டும். 2021 இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு தேடிப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் ஆகிப் பத்து நாளான வீடு எது என்று அவர்களுக்குத் தெரிந்தால், மாத்திரை கொடுக்கப் போகும்போது ‘துணி மாத்துறீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

காப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி வெளியிட வேண்டாம், பணம் பிடிக்க வேண்டாம். முதல் இரண்டு வருடம், எங்களிடம் ஆபரேஷன் ஆனவர்களில் யார் 30 நாளுக்குள் வேறெங்கே போய்ச் சேர்ந்தார்கள், எந்த நோய்க்காக என்று அந்தந்த மருத்துவமனைக்கு மட்டும் மாதம் ஒரு பட்டியல் அனுப்புங்கள். கையில் காசு கட்டிப் படுப்பவர்களும், அரசு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளியாகக் கட்டு மாற்றிப் போகிறவர்களும் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு எங்கள் போனும் டிரெஸ்ஸிங் ரூம் நோட்டும் இருக்கின்றன. மற்றவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் வந்தால், அடுத்த நாள் காலையிலேயே அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, இங்கே என்ன செய்தோம் என்று நாங்கள் சொல்ல முடியும்.